தொழுவத்தில் ஒரு பெயர், தட்டில் ஒரு பெயர்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குத் தினம் ஒரு ஆங்கிலச் சொல்லின் கதை சொல்கிறீர்கள். அதற்காகத் தேடியபோது ஒரு துணுக்கு கிடைத்திருக்கிறது. மாடு உயிரோடு இருந்தால் ‘கவ்’, தட்டுக்கு வந்தால் ‘பீஃப்’. ஆடு ‘ஷீப்’, அதன் கறி ‘மட்டன்’. பன்றி ‘பிக்’, அதன் கறி ‘போர்க்’. மேய்த்தவன் தோற்றுப்போன ஆங்கிலேயன், தின்றவன் ஜெயித்த பிரெஞ்சுக்காரன், அதனால்தான் இரண்டு பெயர் என்று அதில் இருந்தது. இது நிஜமா, குழந்தையிடம் சொல்லலாமா, நிஜம் என்றால் மீனுக்கும் கோழிக்கும் மட்டும் ஏன் இரண்டு பெயர் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒன்று. வந்த சொற்கள் ஏன் இப்படி, விலங்குக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக்கொண்டன என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதில்தான் துணுக்கு உண்மையை விட்டுத் தாண்டி ஓடுகிறது.

நான் கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு தாளை நீண்ட காலம் நடத்தியவன். இந்தக் கதையை நானும் பல வருடம் அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “சார், பிரெஞ்சுக்காரன் மாட்டை என்ன சொல்லிக் கூப்பிட்டான்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைத் திரும்பப் படிக்க வைத்தது. சமையல் வரலாறு என் துறை இல்லை. மொழி வரலாற்றுப் பக்கத்திலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் இங்கிலாந்தின் அரசர் ஹெரால்டு மாண்டார். பிரான்சின் வடகரையில் இருந்த நார்மண்டியின் பிரபு வில்லியம் ஜெயித்து, அதே வருடம் கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடினார். அடுத்த இருபது வருடத்தில் நிலமும் பதவியும் பெருமளவு அவரோடு வந்தவர்கள் கைக்குப் போய்விட்டன. 1086இல் ஊர் ஊராக எடுத்த நிலக்கணக்கு ‘டூம்ஸ்டே புக்’ என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. அதில் பெரிய நிலக்காரர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே நாடு யார் கைக்கு மாறியது என்று புரியும். அவர்கள் பேசியது பிரெஞ்சின் ஒரு வட்டார வழக்கு. பீஃப், மட்டன், போர்க், கன்றுக்குட்டிக் கறிக்கான ‘வீல்’ எல்லாமே பிரெஞ்சுச் சொற்கள். கவ், ஷீப், கன்றைக் குறிக்கும் ‘காஃப்’, பன்றியின் பழைய பெயரான ‘ஸ்வைன்’ ஆகியவை எல்லாம் அதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த பழைய ஆங்கிலச் சொற்கள். இதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. ‘பிக்’ மட்டும் கொஞ்சம் வில்லங்கம். அதன் வேர் எது என்று மொழியறிஞர்களே இன்னும் தீர்த்துவைக்கவில்லை. அது முதலில் பன்றிக்குட்டியைத்தான் குறித்தது. பெரிய பன்றிக்கும் அதுவே பெயர் ஆனது பிற்பாடு.

பிரெஞ்சு வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் கறியை எப்படிச் சொன்னார்கள்? நம்மைப் போலத்தான். நாம் ஆட்டுக்கறி, கோழிக்கறி, பன்றி இறைச்சி என்று விலங்கின் பெயரோடு ஒரு சொல்லை ஒட்டிக்கொள்கிறோம். அவர்களும் விலங்கின் பெயரோடு இன்றைய ‘ஃபிளெஷ்’ஷின் பழைய வடிவத்தைச் சேர்த்தார்கள். ஜெர்மன் மொழி இன்றைக்கும் அப்படியே செய்கிறது: பன்றியின் பெயரோடு ‘ஃப்ளைஷ்’ சேர்த்தால் பன்றிக்கறி, கன்றின் பெயரோடு சேர்த்தால் கன்றுக்கறி. அந்தக் காலத்தில் ‘மீட்’ என்றால் பொதுவாக உணவு என்றுதான் பொருள். இனிப்புப் பண்டத்தை ‘ஸ்வீட்மீட்’ என்று பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பார்த்து இதில் கறி எங்கே என்று குழம்பியிருப்பீர்கள். அது அந்தப் பழைய பொருளின் மிச்சம்.

இனி அந்த மாணவியின் கேள்வி. பிரெஞ்சுக்காரன் மாட்டை என்ன சொல்லிக் கூப்பிட்டான்? எருதையும் ‘பெஃப்’ என்றான், அதன் கறியையும் ‘பெஃப்’ என்றான். செம்மறிக்கும் அதன் கறிக்கும் ‘முத்தோன்’ ஒன்றே. பன்றிக்கும் கன்றுக்கும் இதே கதைதான். இன்றைய பிரெஞ்சிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆக, தொழுவத்தில் ஒரு பெயர், தட்டில் ஒரு பெயர் என்ற பிரிவினையை நார்மன் பிரபு தன் மொழியிலிருந்து கொண்டுவரவே முடியாது. அவன் மொழியில் அப்படி ஒரு பிரிவினையே கிடையாது. அதைச் செய்தது ஆங்கிலம்தான். துணுக்கு முதலில் சறுக்கும் இடம் இது.

இரண்டாவது சறுக்கல் காலத்தில். பிரபு அரண்மனையில் உட்கார்ந்து பிரெஞ்சு பேசினான், பணியாள் ஆங்கிலம் பேசினான், அதனால் சொல் மாறியது என்று துணுக்கு சொல்கிறது. ஆனால் இந்தக் கறிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரத் தொடங்குவது சுமார் 1300ஐ ஒட்டித்தான். வில்லியம் இறங்கி இருநூறு வருடத்துக்கும் மேலே ஆகிவிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலிருந்து ஆயிரம் பிரெஞ்சுச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் முதலில் எப்போது பதிவாகிறது என்று எண்ணிப் பார்த்தார். 1250க்கு முன் வந்தவை சொற்பம். 1250 முதல் 1400 வரையான காலத்தில்தான் வெள்ளமாக வந்திருக்கின்றன.

அது பிரெஞ்சு உச்சத்தில் இருந்த காலம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1204இல் அரசர் ஜான் நார்மண்டியை இழந்தார். அதன்பின் இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் என்று சொல்லிக்கொள்ள மெல்ல மெல்ல எதுவும் இல்லாமல் போனது. 1362இல் நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் விடவில்லை. 1399இல் ஆட்சிக்கு வந்த நான்காம் ஹென்றி, வில்லியமுக்குப் பிறகு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் அரசர் என்று சொல்வது வழக்கம். அதாவது பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் உள்ளே வந்தது, பிரெஞ்சு பேசிய குடும்பங்கள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில். யோசித்தால் அதுதானே இயல்பு. பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டிருப்பவன் ஆங்கிலத்துக்கு எதையும் தரவில்லை. ஆங்கிலம் பேசத் தொடங்கி, பாதியில் சொல் கிடைக்காமல் பழைய பழக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லைப் போடுகிறானே, அவன்தான் தருகிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அதையே சொல்லத் தொடங்குகிறார்கள்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் இந்தச் சொற்கள் உடனே கறிக்கு மட்டும் என்று ஆகிவிடவில்லை. பல நூற்றாண்டுகள் விலங்கையும் குறித்தன. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில், மனித சதைக்கு ஆடு மாடுகளின் சதை அளவுக்குக்கூட மதிப்பில்லை என்று வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஷைலாக் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவர் போடும் சொற்கள் ‘மட்டன்ஸ்’, ‘பீஃப்ஸ்’. மட்டனின் சதை என்கிறார் என்றால் மட்டன் அங்கே விலங்கு. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில், பலிக்குக் கொண்டுவரும் மாடுகளை ‘பீவ்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். பீஃப் என்பதன் பன்மை அது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட பீஃப் என்பதற்குக் கறி என்று ஒரு பொருளும், கறிக்கான மாடு என்று ஒரு பொருளும் இருக்கின்றன. இன்றைக்கு நாம் பார்க்கிற கறாரான பாகப்பிரிவினை சுமார் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைக்கிறது. ஹேஸ்டிங்ஸ் சண்டைக்கும் அதற்கும் எழுநூறு வருட இடைவெளி.

அப்படியானால் துணுக்குக் கதை எங்கிருந்து வந்தது? 1653இல் ஜான் வாலிஸ் என்பவர் லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். அவர் அடிப்படையில் கணிதவியலர். முடிவிலிக்கு நாம் இன்று போடும் படுத்த எட்டுக் குறியைக் கொண்டுவந்தவர் அவர்தான். விலங்கின் பெயர் ஆங்கிலமாகவும் கறியின் பெயர் பிரெஞ்சாகவும் இருப்பதை அவர் அந்த இலக்கணத்தில் குறித்திருக்கிறார். ஆனால் அதை உலகமே தெரிந்துகொள்ளச் செய்தது 1819 இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவல். அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பன்றி மேய்ப்பவனும் ஒரு விதூஷகனும் பேசிக்கொள்கிறார்கள். நம் கையில் மேயும்வரை இது ஆங்கிலப் பன்றி, பிரபுவின் விருந்து மண்டபத்துக்குள் போனதும் நார்மனாக மாறிவிடுகிறது என்ற பொருளில் விதூஷகன் சொல்கிறான். அருமையான உரையாடல் அது. தோற்றவனின் வலியை ஒரே ஒரு பன்றியை வைத்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது கதை நடப்பதாகச் சொல்லும் 12ஆம் நூற்றாண்டுக்குச் சாட்சி ஆகாது. 19ஆம் நூற்றாண்டின் ஒரு நாவலாசிரியர் தன் காலத்து ஆங்கிலத்தைப் பின்னோக்கி அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

சரி, பிரபு செய்யவில்லை என்றால் யார் செய்தார்கள்? இங்கிருந்து நான் சொல்வதை ‘இருக்கலாம்’ என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை வழியாக வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. சுடுவதற்கான ‘ரோஸ்ட்’, கொதிக்க வைக்கும் ‘பாயில்’, பொரிக்கும் ‘ஃப்ரை’, ‘சாஸ்’, ‘சூப்’, ‘டின்னர்’, ‘சப்பர்’ எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ‘புச்சர்’ என்ற கறிக்கடைக்காரர் பெயரும் பிரெஞ்சுதான். கிடாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. வீட்டு அடுப்போடு சேர்ந்த ‘பேக்’ மட்டும், காலைச் சாப்பாடான ‘பிரேக்ஃபாஸ்ட்’ மட்டும் ஆங்கிலமாகவே நின்றன. விருந்துச் சமையல் முழுவதும் ஒரு மொழியின் வாசனையோடு இருக்கும்போது, கறியின் பெயர் மட்டும் தனியாக வேறு மொழியில் நிற்காது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் கிடைத்துவிட்டால் மொழி பெரும்பாலும் இரண்டையும் சும்மா வைத்திருப்பதில்லை. ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடும். பழைய சொல் வயலோடு நின்றது, புதுச் சொல் மேசையோடு சேர்ந்தது.

இது எப்படி நடக்கும் என்று கற்பனை செய்ய நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் கண்ணெதிரே இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கொல்லைப்புறத்தில் மேய்வது கோழி. கடைப் பலகையில் அது ‘சிக்கன் சென்டர்’. பட்டியில் நிற்பது ஆடு. ஓட்டலில் அது ‘மட்டன் சுக்கா’. “சிக்கன் முட்டை போட்டது” என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். ஓட்டல் பரிமாறுபவர் கோழி பிரியாணி என்று சொல்வதும் அபூர்வம். எந்த ராஜாவும் வந்து இதைச் சட்டமாகப் போடவில்லை, எந்த ஆங்கிலேயனும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. மெனு கார்டு, கடைப் பலகை, கல்யாண விருந்து இவை வழியாகத் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குள் “கறி எடுத்துட்டு வா” என்பதும், ‘நாட்டுக்கோழி’ என்பதும் இன்னும் விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. மட்டன் இங்கே வந்து இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. இங்கிலாந்தில் அது செம்மறி; நம் ஊரில் பெரும்பாலும் வெள்ளாடு. மகளுக்கு இந்த இடத்தை நிதானமாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுநூறு வருடம் எடுத்த வேலையின் நடுப்பகுதியை அவள் தன் ஊரிலேயே பார்க்கலாம்.

மீனும் கோழியும் ஏன் தப்பின என்ற கேள்விக்கு வருகிறேன். ‘ஃபிஷ்’, ‘சிக்கன்’, வாத்துக்கான ‘டக்’, ஆட்டுக்குட்டிக்கான ‘லாம்ப்’ எல்லாம் பழைய ஆங்கிலச் சொற்கள். விலங்குக்கும் உணவுக்கும் ஒரே பெயர். கோழி வகைக்குப் ‘போல்ட்ரி’ என்ற பிரெஞ்சுச் சொல் வந்தது, ஆனால் தட்டில் இருப்பதைப் பெயர் சொல்லி அழைக்க அது பயன்படவில்லை. சாதாரண வீட்டுக்காரர்களே தங்கள் முற்றத்திலும் ஆற்றிலும் பிடித்துச் சமைத்தவை இவை, அதனால் பெயரும் மாறவில்லை என்று சிலர் விளக்குவார்கள். முழுதாகச் சமைத்துத் தட்டில் வைக்கும்போது விலங்கின் உருவம் தெரிகிறது, அதனால் வேறு பெயர் தேவைப்படவில்லை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே கேட்க நன்றாக இருக்கின்றன, இரண்டுமே ஊகம்தான். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ‘லாம்ப்’ போன்ற ஒரு சொல் இருக்கும்போது, பிரபு தின்றதெல்லாம் பிரெஞ்சு என்ற விதி நிற்காது. ஆட்டுக்குட்டிக் கறியை வேண்டாம் என்று சொன்ன பிரபு எவனும் இருந்திருக்க மாட்டான்.

அதிகாரத்துக்கும் கறிக்கும் உள்ள உறவைச் சொல்ல விரும்பினால், மாட்டை விட மான் நல்ல உதாரணம். மானை ஆங்கிலத்தில் ‘டீர்’ என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எந்த விலங்கும் என்று பொருள். ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லுக்கு இன்றும் விலங்கு என்பதே பொருள். தமிழிலும் ‘மா’ என்ற சொல் விலங்கு என்றும், குதிரை, யானை என்று குறிப்பிட்ட விலங்காகவும் வருவதை நினைத்துப் பாருங்கள். ‘பீஸ்ட்’, ‘அனிமல்’ என்ற சொற்கள் வெளியிலிருந்து வந்து பொதுப்பெயரின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, டீர் வேட்டையில் முதன்மையான ஒரே விலங்குக்குச் சுருங்கியது. மான் கறிக்கு ‘வெனிசன்’ என்று பெயர். வேட்டை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் வேட்டையில் கிடைத்த எந்தக் கறிக்கும் அதுதான் பெயர். வில்லியம் பெரும் காடுகளைத் தன் வேட்டைக்கென ஒதுக்கினார். அவர் 1087இல் இறந்தபோது, அந்தக் காலத்து ஆங்கிலேயத் துறவி ஒருவர் ஆண்டுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: ஆண்மானையோ பெண்மானையோ கொன்றவனின் கண்ணைப் பறிக்கச் சட்டம் போட்டார், அவற்றின் தகப்பனைப் போல மான்களை நேசித்தார் என்று. இது அவர் காலத்தில் வாழ்ந்தவரே சொல்லும் சாட்சி. ஸ்காட்டின் விதூஷகன் சொன்னதை விட எனக்கு இது நெஞ்சில் தைக்கிறது.

மேய்ச்சலில் நிற்பதற்கெல்லாம் ஆங்கிலப் பெயர் என்ற பாதியும் முழுசாகச் சரியில்லை. மாடுகளுக்குப் பொதுப்பெயரான ‘கேட்டில்’ நார்மன்கள் கொண்டுவந்த சொல். சொத்து என்பதுதான் அதன் முதல் பொருள்; மூலதனத்தைக் குறிக்கும் ‘கேப்பிட்டல்’ அதன் ரத்த உறவு. அசையும் சொத்து என்பதிலிருந்து கால்நடை என்று சுருங்கி, பிறகு மாட்டுக்கு வந்து நின்றது. எதிர்த் திசையில், கட்டணத்துக்கான ‘ஃபீ’ என்ற சொல்லோடு உறவுள்ள பழைய ஆங்கிலச் சொல்லுக்குக் கால்நடை என்றும் செல்வம் என்றும் பொருள். இதைப் படிக்கும் தமிழருக்கு ஆச்சரியம் இருக்காது. “மாடல்ல மற்றை யவை” என்று குறள் சொல்லும்போது மாடு என்பது செல்வம்தானே.

தினம் ஒரு சொல் சொல்கிறவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. 1390ஐ ஒட்டி, இரண்டாம் ரிச்சர்டு அரசரின் சமையற்காரர்கள் தொகுத்த ஆங்கிலச் சமையல் குறிப்பு ஒன்று இருக்கிறது, ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்று. அதைக் காட்டி, ‘கர்ரி’ என்ற சொல் இங்கிலாந்திலேயே பிறந்தது என்று ஒரு துணுக்கு அடிக்கடி சுற்றும். அந்தக் ‘க்யூரி’க்குச் சமையல் என்று பொருள், சமைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் கறிக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை மட்டுமே. ‘கர்ரி’ ஆங்கிலத்துக்கு வருவது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், போர்த்துக்கீசியர் வழியாக. அகராதிகள் பெரும்பாலும் தமிழ்க் ‘கறி’யையே மூலமாகக் காட்டுகின்றன. அந்தக் கறியும் சும்மா இருந்ததில்லை. பட்டினப்பாலையில் “கருங்கறி மூடை” என்றால் மிளகு மூட்டை. இலங்கையில் மரக்கறி என்றால் காய்கறி. சில வீடுகளில் கறி என்றால் வாழைக்காய்ப் பொரியல், பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி.

நாளைக்கு மகளிடம் சொல்ல வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள். 1066இல் ஒரு சண்டை நடந்தது, பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். இருநூறு, முந்நூறு வருடம் கழித்து அவர்கள் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது சமையலறைச் சொற்களை உடன் கொண்டுவந்தார்கள். பீஃப் என்பது ரொம்ப காலம் மாடாகவும் இருந்தது, கறியாகவும் இருந்தது. பிறகு மெல்ல மாட்டை விட்டு விலகியது. சொல்லி முடித்ததும், அடுத்த முறை குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும்போது மெனு கார்டை அவள் கையிலேயே கொடுங்கள். எத்தனை வரியில் ‘கோழி’ இருக்கிறது, எத்தனை வரியில் ‘சிக்கன்’ இருக்கிறது, எந்த மீன் இன்னும் மீனாகவே இருக்கிறது, எது ‘ஃபிஷ்’ ஆகிவிட்டது என்று அவளே எண்ணிப் பார்க்கட்டும். வஞ்சிரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன கணக்கு வந்தது என்று இங்கே எழுதினால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.